சாய்த்து வைத்த சட்டி

வீட்டில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம், ஓர் இலையைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்டு, லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி வீட்டுக்கு வந்தேன். முன்பக்கக் கண்ணாடி வராந்தாவில் என் கணவர் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்த மாதிரியேதான் இருந்தது. யானைக்காதின் பெரிய இலை மட்டும் திரும்பியிருந்தது. காலையில் ரோட்டைப் பார்த்துத் தொங்கிய இலை இப்போது வீட்டுக்குள் பார்த்துத் தொங்கியது.

யானைக்காது என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். ஃபெலனொப்சிஸ் என்கிற ஓர்கிட் வகையில் அதுதான் ஆகப் பெரியது. கல்யாண மேடைகளில் வைக்கிற வெள்ளை, ரோஸ் கலப்புச் செடி இல்லை. போர்னியோக் காட்டு மரங்களில் ஒட்டி வளர்கிற அசல் இனம். ஒரு இலை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம், இரண்டு கையையும் விரித்து வைத்தால்தான் மூட முடிகிற அகலம். என் கணவர் தேயிலை லொறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கொழும்பில் இறக்கிவிட்டு வரும்போது வழியில் ஒரு நாற்றுமேடையில் வாங்கி வந்தார். கொண்டுவந்தபோது உள்ளங்கையில் அடங்கும். பூக்க எத்தனையோ வருஷம் ஆகும், அதுவும் இந்தக் குளிரில் பூக்குமா என்று தெரியாது என்று விற்றவனே சொன்னானாம். அதுபோல இன்னும் சில பெரிய இலைச் செடிகளும் பின்னால் வந்து சேர்ந்தன. வாங்கி வந்தது அவர், வளர்த்தது நான்.

லிந்துலைக் குளிர் இந்தச் செடிகளுக்கு ஆகாது. அதனால்தான் வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டோம். கண்ணாடியை ஒட்டி, அவர் நாற்காலியிலிருந்து வாசல் கதவு வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு சிமெந்துக் கட்டு ஓடுகிறது. சட்டிகள் அதன்மேல்தான். வெயில் அடிக்கிற நேரம் சூடு உள்ளேயே தங்கும். இருட்டினதும் சட்டிகளுக்கு நடுவில் ஒரு பல்பைப் போட்டு பொலித்தீன் விரிப்பால் மூடிவைப்பேன். யானைக்காதுச் சட்டிக்கு அடியில் ஒரு பக்கமாக உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைச் சொருகிச் சாய்த்து வைத்திருந்தேன். இந்தச் செடி மரத்தில் தலைகீழாகச் சாய்ந்து வளர்கிறது. நேராக நிறுத்தினால் தண்ணீர் குருத்தில் தேங்கும். குருத்தில் தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும்.

அந்த ஓட்டுத் துண்டும் அன்று இடம் மாறியிருந்தது.

"அக்கா, சட்டிய யாராச்சும் தூக்குனீங்களா?"

"இல்லியே டீச்சர். நான் அந்தப் பக்கமே போகல."

கணவரிடம் கேட்டேன். வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு அவர் பேச்சும் குழறிப்போயிருந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லுவார்.

"இல்ல. யாரும் அந்தப் பக்கம் போகல," என்றார்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். முப்பது வருஷமாக வகுப்பறையில் நிற்கிறவள் நான். இரண்டு பிள்ளைகள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால், முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த அக்கா தோட்டத்தில் கொழுந்து பறித்து பென்ஷன் எடுத்தவர். மேலே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மகள் குடும்பத்தோடு இருந்தார். கெட்டிக்காரி, சுத்தமானவர், வீட்டுச் சாமானில் கை வைக்கமாட்டார். அதனால் என் சந்தேகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து காலையில் புறப்படும்போது ஒவ்வொரு சட்டியையும் பார்த்து, எந்த இலை எந்தப் பக்கம் என்று மனதில் பதித்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்தால் ஒன்று இல்லாவிட்டால் ஒன்று மாறியிருக்கும். ஒருநாள் புள்ளி இலைச் செடியின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர் முறிந்திருந்தது. இன்னொரு நாள் தரையில் கரித்துண்டும் மரப்பட்டைத் துகளும் சிந்திக் கிடந்தன. யாரோ அவசரமாகக் கூட்டிவிட்டு மூலையை மறந்திருந்தார்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் கடையில் வைத்துச் சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன டீச்சர், இப்பல்லாம் பகல்ல உங்க வராந்தாவுல கர்ட்டன் இழுத்து மூடியே இருக்கு? ஐயாவுக்கு வெளிச்சம் ஆகலியா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரை திறந்துதான் இருந்தது. நான் வரும் நேரத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். வெளிச்சம் வேண்டிய செடிகள் பகலெல்லாம் இருட்டில் இருந்திருக்கின்றன. இலைகள் கரும்பச்சையாக மாறியதற்குக் குளிர்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குமேல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் நிற்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போதே மூடிய திரைதான் கண்முன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்து சீக்கிரம் புறப்பட்டேன். வாசலுக்கு வந்தபோது திரை மூடியிருந்தது, உள்ளே சிரிப்புச் சத்தம். வாதம் வந்ததிலிருந்து என் கணவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்கு நடுவில் அக்காவின் குரல்: "ஹிமின், ஹிமின்!" மெதுவா, மெதுவா என்று சிங்களத்தில். தமிழ்ப் பொம்பளை தமிழ் ஆம்பளையிடம் எதற்குச் சிங்களத்தில் பேச வேண்டும்? உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா?

கதவைத் தட்டினேன். சிரிப்பு நின்றது. எதையோ இழுக்கிற சத்தம், சட்டி சிமெந்தில் உரசுகிற சத்தம். கதவு திறக்க நேரமானது. அக்காவின் முகம் வேர்த்திருந்தது. கணவர் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

"ஏன் கதவு பூட்டியிருக்கு?"

"குளிர் காத்து டீச்சர்."

வெளியே நல்ல வெயில்.

நான் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நேரே யானைக்காதிடம் போனேன். ஓட்டுத் துண்டு பக்கத்துச் சட்டிக்கு அடியில் கிடந்தது. சட்டி நேராக நின்றது. இலைகளெல்லாம் துடைத்து விட்ட மாதிரிப் பளபளத்தன. ஒரு இலையின் ஓரத்தில் நகம் பதிந்த அரைவட்டம். குனிந்து குருத்துக்குள் பார்த்தேன். நடுவில் கறுத்திருந்தது. நுனி இலையை விரலால் லேசாகத் தொட்டேன். அடியோடு கழன்று கையில் வந்துவிட்டது. பழைய மீன் தொட்டி மாதிரி ஒரு வாடை.

நாற்காலிப் பக்கம் திரும்பாமலே கேட்டேன். "இலைய யாரு துடைச்சது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, திங்கக்கிழமையிலிருந்து நீங்க வரவேணாம்."

அக்கா சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு என் கணவரை ஒரு தரம் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வைதான் என்னை அதிகமாகக் குடைந்தது. இரவு சாப்பாட்டின்போது, "உங்க ரெண்டு பேருக்குள்ள என்னதான் நடக்குது?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. சிமெந்துக் கட்டின் மேலிருந்து எல்லாச் சட்டிகளையும் இறக்கித் தரையில் வைத்தேன். ஒன்று அழுகினால் மற்றதையும் பார்க்கத்தான் வேண்டும். பழைய பத்திரிகையை விரித்து, வெந்நீரில் கழுவிய பைனஸ் மரப்பட்டை, கரி, ஓட்டுச் சல்லி, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டைத் துண்டு எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவரைப் பின்னால் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தேன்.

யானைக்காதைச் சட்டியிலிருந்து எடுப்பது லேசான வேலையில்லை. வேர்கள் மண்சட்டியின் உள்சுவரில் பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். இழுத்தால் அறுந்துபோகும். தண்ணீரில் நனைத்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் ஒவ்வொரு வேராக நெம்பி எடுத்தேன். உள்ளே மரப்பட்டை மக்கிக் கூழாகியிருந்தது. வேர்களை விரலால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே கெட்டியாக இருந்தால் நல்ல வேர். தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர். செத்ததை நெருப்பில் காட்டிய பிளேட்டால் வெட்டினேன். குருத்தில் கறுத்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பச்சை தெரியும்வரை எடுத்தேன். எடுக்க எடுக்கக் குழியானதுதான் மிச்சம். வளர்கிற நுனியே போய்விட்டது. அழுகல் பரவாதபடி கறுவாப்பட்டைத் தூளை அதில் வைத்து அமுக்கினேன். இத்தனை வருஷம் வளர்த்த செடிக்கு இனிமேல் மேலே ஒரு இலை வராது என்று நினைத்தபோது கண் கலங்கியது.

அப்போது பின்னால் ஏதோ தேய்கிற சத்தம் கேட்டது. நாற்காலியை நகர்த்துகிறார் என்று நினைத்துத் திரும்பவில்லை. திரும்பவும் அதே தேய்ப்பு, கொஞ்சம் நின்று, திரும்பவும். எனக்குக் கிட்ட வந்தது.

திரும்பினேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். வலது கை வெறும் கட்டின்மேல் அழுந்தியிருந்தது. இடது காலைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்தார். பிறகு கையை நகர்த்தினார். பிறகு காலை. முகம் சிவந்து, உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் எழப்போனேன்.

"வராத," என்றார். "உக்காரு."

கறுவாத் தூள் அப்பிய கையோடு உட்கார்ந்தே இருந்தேன். அவர் கட்டின் கடைசி வரை போனார். வாசல் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"அவங்கள வரச் சொல்லு," என்றார்.

"எவ்வளவு நாளா?"

"மாசக் கணக்கா. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்கல்ல, அந்த நோனா. அதையேதான் அக்கா செய்யிறாங்க."

பிசியோதெரபிக்குப் போன நாட்களில் அக்காதான் கூடப் போனார். அங்கே நடக்கப் பழக்கிய சிங்களப் பெண், அந்த நோனா, ஒவ்வொரு அடிக்கும் "ஹிமின், ஹிமின்" என்பாராம். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"இதுல எனக்கு ஒளிக்க என்னங்க இருக்கு?"

அவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு தடவை என் தோளைப் பிடித்து எழும்பப் பார்த்தார். இரண்டு பேருமாக விழுந்தோம். நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"நீ பாத்தா கை குடுத்துருவ," என்றார். "கை குடுத்தா நான் புடிச்சுக்குவேன். அவங்க குடுக்க மாட்டாங்க. விழுந்தா சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தச் சிரிப்பை என்னிடம் காட்டியிருக்கலாமே என்று இருந்தது. அவரைத் திரும்ப நாற்காலிக்குக் கொண்டுவர என் தோள் வேண்டியிருந்தது, கொடுத்தேன். பிறகு செடியைப் புதுச் சட்டியில் வைத்தேன். அடியில் ஓட்டுச் சல்லி, வேர்களுக்கு நடுவில் பட்டையும் கரியும், மேலே மட்டைத் துண்டு. ஆடாமல் நிற்கக் குச்சி வைத்துக் கட்டினேன். வெட்டிய புண் ஆறுமட்டும் தண்ணீர் காட்டக்கூடாது.

ஞாயிறு காலை லயத்துக்கு ஏறினேன். அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

"அவரு நடந்து காட்டிட்டாரு," என்றேன்.

"கட்டு கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"தனியாவா?" அவர் முகம் முழுக்க மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டீச்சர், இலையத் தொடைச்சது நான்தான். கட்டப் புடிச்சு நடக்க சட்டிய நகத்தி வைப்போம். அப்பவும் ஐயா தடுமாறும்போது இலையப் புடிச்சிருவாரு. கைத்தடம் படியும். நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு ஈரத்துணியால தொடைச்சேன். செடி கெட்டுப்போகும்னு தெரியாது."

"கேட்டப்போ சொல்லியிருக்கலாமில்ல?"

"ஐயா சத்தியம் வாங்கிட்டாரே. என்ன செய்ய?"

அப்படியானால் என் சந்தேகம் எதுவும் பொய்யில்லை. சட்டியைத் தூக்கியது நிஜம், திரையை மூடியது நிஜம், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதும் நிஜம். இறங்கி வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். கோபம் பாதி வழியில் எங்கேயோ கழன்றுவிட்டது.

திங்கட்கிழமை அக்கா வந்தார். ஒன்றைக் கறாராகச் சொன்னார்: நடக்கும் நேரம் திரை மூடித்தான் இருக்க வேண்டும், ரோட்டிலிருந்து நாலு பேர் பார்த்தால் ஐயாவுக்குக் கால் வராது. சரி என்றேன். கட்டைக் காலியாக விட்டுவிட்டு, செடிகளை வீட்டின் மற்றப் பக்கம் அடுப்படிச் சுவரை ஒட்டிய ஜன்னலுக்கு மாற்றினேன். அடுப்புச் சூடு சுவர் வழியாக வரும். அங்கே வைத்த பிறகும் சாயங்காலம் வந்ததும் இலைகளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒன்றும் மாறியிருக்காது. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

நன்றி சொல்லும் விதமாக அக்காவுக்கு ஒரு சின்னச் செடியைச் சட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். "ஐயோ வேணாம் டீச்சர். லயத்துக் குளிருக்கு ஒரு நா தாங்காது. அப்புறம் அதுக்கும் நாந்தான் பொறுப்பு."

யானைக்காது உடனே சாகவில்லை. இருக்கிற இலைகள் தொங்கியபடியே கிடந்தன. குருத்து போன செடி, அடித்தண்டில் பக்கக் கன்று விட்டால்தான் பிழைக்கும். ஒருநாள் அடியில் பச்சையாக ஒரு முளை தெரிந்தது. கன்றாக இருக்குமோ என்று தினமும் குனிந்து பார்த்தேன். நுனி உருண்டு மினுமினுத்து வளர்ந்தபோது வேர் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு இரண்டு இலைதான் மிச்சம். வாரத்துக்கு ஒருமுறை வேர் வெளுத்த பிறகு தண்ணீர் காட்டுகிறேன்.

என் கணவர் கைத்தடியோடு வாசல் படிவரை போகிறார். வெயில் நாட்களில் படியிறங்கி ரோட்டோரம் நின்று, லொறிக்காரர்களை நிறுத்திப் பேசுகிறார். பகலில் ஆள் தேவையில்லை என்றான பிறகு அக்கா தலவாக்கலையில் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புது வீடு எப்படி அக்கா?"

"நல்ல ஆளுங்க டீச்சர்," என்றார். "வீட்டுல ஒரு பூச்செடி கூட இல்ல. நிம்மதியா இருக்கு."