வாய் உடைந்த கவாத்துக் கத்தரி

என் பையில் இருக்கும் கவாத்துக் கத்தரியின் வாயில் அரிசி அளவுக்கு ஓர் உடைசல் உண்டு. வெட்டும் ஒவ்வொரு கொடியிலும் அது ஒரு பிசிரை விட்டுவைக்கும். நான் இப்போது வேலை பார்க்கும் கம்பம் திராட்சைத் தோட்டத்தின் முதலாளி அதைப் பார்த்தாலே திட்டுவார். அது உடைந்தது வல்லத்துக்குப் பக்கத்தில், ஒரு மனிதரின் விரல்களோடு சேர்ந்து.

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அந்தச் செம்மண் மேட்டில்தான் சில வருடம் தங்கினேன். கணவன் மனைவி இருவரும் மஸ்கட்டில் சம்பாதித்து வந்து திராட்சை போட்டவர்கள். அண்ணன், அண்ணி என்போம். சாணமும் மீன்கழிவும் தவிர வேறு உரம் கிடையாது. கத்தோலிக்க மறைமாவட்டத்தின் அனுமதியில், மாதா கோயில் பூசைக்கு மட்டும் திராட்சை ரசம் செய்தார்கள். பூசையில் பீடத்தின்மேல் அந்த ரசம் இயேசுவின் ரத்தமாகும் என்பது நம்பிக்கை; அதனால் பழத்தைத் தவிர அதில் எதுவும் சேரக்கூடாது என்பது திருச்சபையின் கட்டளை. அண்ணி சர்க்கரை டப்பாவைக்கூடக் கொட்டகைக்குள் விடமாட்டார்.

மேட்டுக்குக் கீழே நெல்வயல். அதைக் குத்தகைக்கு எடுத்தவர் களைக்கொல்லி அடித்தால் காற்று எங்கள் பக்கம் கொண்டுவரும். நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. திராட்சை இலை விசிறிபோலச் சுருண்டு பூங்கொத்து கருகிவிடும். காற்று திரும்பியபின் அடிக்கச் சொல்லி அண்ணன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போலீசில் புகார் கொடுத்தார். கடைசி வருடம் ஒரு டிரம் சாற்றுக்குத்தான் பழம் மிஞ்சியது. அதுவும் கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேராவிட்டால் கோயில் ஆர்டர் கைவிட்டுப் போகும், நிலத்தையும் விற்க வேண்டியதுதான்.

பழம் பிழிந்த அன்று குத்தகைக்காரர் தோளில் மண்வெட்டியோடு கொட்டகைக்குள் வந்தார். போலீசில் புகார் கொடுத்தது ஏன் என்று கேட்டார். பேச்சு ஏறியது. "காத்தைக் கயிறு போட்டா கட்டுறது? சாராயம் காச்சுறவங்களுக்கு வெள்ளாமக்காரன் பயப்படணுமாக்கும்" என்றார். அண்ணன் கையிலிருந்த கத்தரியாலேயே அவர் முகத்தில் குத்தினார். கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. மண்வெட்டி இறங்கியது. அண்ணன் கத்தரியைக் குறுக்கே கொடுத்தார். இரும்பு தெறித்தது, இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. நான் குத்தகைக்காரரைப் பின்னாலிருந்து தள்ளி, மண்வெட்டிமேல் இருந்த பிடி தளரும்வரை தலையைத் தரையில் மோதினேன். டிரம்மில் சாய்ந்து நின்ற அண்ணனின் ரத்தம் சாற்றுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி முந்தானையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினார். கட்டியபடியே டிரம்மைப் பார்த்தார். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"நாலு சொட்டுதாம்மா. செவப்போட செவப்பு, யாருக்குத் தெரியும்? விட்ரு."

அண்ணி மண்வெட்டியை எடுத்தார். தன்னைத்தான் வெட்ட வருகிறார் என்று குத்தகைக்காரர் ஊர்ந்து ஒதுங்கினார். அண்ணி டிரம்மின் அடியில் ஓங்கிக் கொத்தினார். அது பிளக்கும்வரை கொத்தினார்.

"ரத்தமாகுறது பீடத்துல. இங்க இல்ல."

வெட்டியவரையும் வெட்டுப்பட்டவரையும் ஒரே வேனில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம்.

ஆர்டர் போயிற்று, பின்னாலேயே நிலமும். கிளம்பும்போது அந்தக் கத்தரியை நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தை மாதம் அந்தப் பக்கம் போனபோது மேட்டில் மனைக்கற்கள் நின்றன. தஞ்சாவூரில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டைத் தேடிப் போனேன். "அன்னைக்கு விட்டுருக்கலாம்" என்று அண்ணன் இன்னமும் சொல்கிறார். நான் கத்தரியை எடுத்துக் காட்டினேன். அண்ணி வாங்கி, உடைசலைக் கட்டைவிரலால் தடவினார்.

"இன்னும் வெட்டுதா?"

"வெட்டுது அண்ணி. பிசிரு நிக்குது."

புடவையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் கம்பத்தில் கவாத்து இருந்தது.