மைக் செட்காரருக்குப் போட்ட சால்வை

வெள்ளானூர் கங்காதரனுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வயதில் வந்த போலியோவுக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லி அவரை அடையாளம் காட்டுவதில்லை. ‘மைக் செட் கங்காதரன்’ என்றால் போதும். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய பெட்டிகள்தான் அலறும்.

போன டிசம்பரில் ஆவடிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாற்றுத்திறனாளிகள் தின விழா. போனில்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளை யாரும் பார்த்ததில்லை. மேடையோரம் அவர் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்பராயன் சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார்.

“வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்!”

“சார், நான் மைக்குக்கு...”

“மைக் தராம இருப்போமா? கடைசியில நீங்கதான் பேசப் போறீங்க!”

சுப்பராயன் கண்காட்ட, நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மேடைக்கு ஐந்து படிகள். உற்சவர் மாதிரி ஆடியாடி மேலே போனார் கங்காதரன்.

“இன்னா நைனா, ஒரு வார்த்தை கேக்காம தூக்கினு போறீங்கோ! எறக்குங்க!”

கூட்டம் கைதட்டியது. சக்கரத்தில் மாட்டிய ஒயர் பிடுங்கிக்கொண்டது.

செத்துப்போன மைக்கில் சுப்பராயன் தன்னம்பிக்கையைப் பற்றி முழங்கினார். முதல் வரிசையைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. கங்காதரன் குறுக்கிட வாயைத் திறந்தார். அதற்குள் சால்வை மூக்கு வரை ஏறிவிட்டது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கணக்கு வாத்தியார் யூசுப். காதுக்குப் பின்னால் கருவி வைத்திருந்தார். மற்றவர்களின் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாததால், சுப்பராயன் அவரை யாரோ என்று நினைத்து முப்பது நாற்காலிகளை வரிசையாகப் போட வைத்திருந்தார்.

“சார், நீங்க பேசினது இங்க எனக்கு மட்டும்தான் முழுசா புரிஞ்சுது. என் பேரைச் சொல்லி அவருக்குச் சால்வை போடுறீங்க. நான்தான் யூசுப்.”

சுப்பராயனின் முகம் சந்தன நிறத்துக்கு வெளுத்தது. நான்கு பேரும் மறுபடி நாற்காலியை நோக்கிப் பாய்ந்தார்கள்.

“நில்லு! கேட்டுட்டுத் தொடு!” என்றார் கங்காதரன்.

சுப்பராயன் கைகூப்பினார். “எப்படி இறக்கணும்னு நீங்களே சொல்லுங்க சார்.”

கங்காதரன் எங்கே பிடிப்பது, எப்போது நிற்பது என்று படி படியாகச் சொல்ல, பத்திரமாக இறங்கினார். ஒயரைச் சொருகினார். பிறகு யூசுப் பேசியது வாசல் வாட்ச்மேன் வரை கேட்டது.

பொங்கலுக்குள் மேடைக்குச் சாய்தளம் கட்டினார்கள். யாரையும் கேட்காமல்தான். அதைப் பார்க்க வந்த கங்காதரன் சிரித்தார். தன்னிடமிருந்த பழைய சக்கர நாற்காலியை வரவழைத்து, “நீங்களே குந்திப் பாருங்க சார்” என்றார்.

சுப்பராயன் மேலிருந்து புறப்பட்டு, அதே வேகத்தில் செம்பருத்திச் செடிக்குள் போய் நின்றார்.

“இப்ப சொல்லுங்க சார், எவ்ளோ சரிவு வேணும்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.