கண்டாங்கிக் கடன்

அன்றைக்கு மணமகள் அறையில் இருந்தவர்கள்: கல்யாணப் பெண்ணான சின்னம்மா, அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த அலங்காரக்காரம்மா, பெரியம்மா, அம்மா, நான். அப்புறம் ஒரு டேபிள் ஃபேன். அதையும் ஆள் கணக்கில்தான் சேர்ப்பேன். அந்த ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அடுத்தபடி எல்லாரும் பார்த்துப் பார்த்துக் கவனித்தது ஃபேனைத்தான்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து, தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நோய் திரும்பி வராமல் இருக்க அஞ்சு வருஷம் விடாமல் போடணும். ஆனால் அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து நெஞ்சுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும். தொப்பலாக நனைந்துவிடுவாள். அடுத்த நிமிஷம் குளிரும். மாத்திரையால் வருவதுதான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பெரியவர்கள் பயப்படவில்லை. ஒன்பது வயதில் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் பயந்தேன். சூடு என்றால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் நோய் திரும்பிவிட்டது, எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் மனசு அம்மா நெற்றியில்தான் இருக்கும். பிற்பாடு நான் படிப்பைப் பாதியில் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்வேன். சும்மா ஒரு சாக்குதான்.

கோட்டையூரில் மண்டபம். வைகாசி வெயில். மாப்பிள்ளைக்கு அம்மாதான் ஆரத்தி எடுக்கணும் என்று சின்னம்மா பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அரக்குப் பட்டின் கொசுவத்தைச் செருகி முடிப்பதற்குள் அனல் ஏறும். அம்மா உருவிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு முன்னால் உட்காருவாள். மறுபடி கட்டுவாள், மறுபடி ஏறும்.

"என்னால முடியலக்கா. வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லு."

"பத்து நிமிஷம் பட்டுல நிக்க முடியலையாடி ஒனக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நெனைப்பாக?"

மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதுதான் பெரியம்மாவைப் பொறுத்தவரை உலகத்திலேயே பெரிய வியாதி.

"அப்ப இந்த மாத்திரையை நிப்பாட்டிர்றேன். ராத்திரி தூக்கம் இல்ல, ஒரு விசேஷத்துல நிக்க முடியல. நாளையிலருந்து போடல, போ."

பாதி பூவோடு சின்னம்மா திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா தன் பையை இழுத்து, அடியிலிருந்து ஒரு புதுக் கண்டாங்கிச் சேலையை உருவினாள். சாயந்திரம் பந்தி வேலைக்குக் கட்ட என்று வாங்கி வைத்திருந்த கட்டம் போட்ட நூல் சேலை.

"இந்தா, இதைக் கட்டு."

"ஆரத்தி எடுக்க நூல் சேலையா? மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நெனைப்பாக?" என்றாள் அம்மா.

"நெனைச்சிட்டுப் போகட்டும். மாத்திரையை நிப்பாட்டுன, இங்கேயே வச்சு அடிப்பேன். ஆனா சேலை சும்மா இல்ல. எழுநூத்தம்பது ரூபா, கடன்."

"இந்தா, இப்பவே தாரேன்."

"இப்ப யாரு கேட்டா? அஞ்சு வருஷ மாத்திரையும் முடிச்சிட்டு வந்து குடு. முன்னாடி குடுத்தா வாங்க மாட்டேன்."

வாசலில் ஆரத்தி சுற்றும்போதே அம்மா கழுத்து சிவப்பதைப் பார்த்தேன். அம்மா ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பட்டு முந்தானையாக இருந்தால் துடைக்க மனசு வருமா? துடைத்துவிட்டு மிச்சச் சுற்றையும் நிதானமாகச் சுற்றி முடித்தாள்.

"என்ன சம்பந்தி, நூல் சேலையில நிக்கிறீக?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கனத்த பட்டில் அவருக்கே மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

"புத்துநோய்க்கு மாத்திரை சாப்பிடுறேன். அது ஒடம்பெல்லாம் அனலைக் கெளப்பிவிடும். பட்டைக் கட்டுனா தட்டுல இருக்க சூடத்துக்கு முன்னாடி நான் எரிஞ்சிருவேன்."

வீட்டுக்கு வெளியே அம்மா வாயிலிருந்து அந்த நோயின் பேர் வந்தது அன்றைக்குத்தான். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நோயும் இல்லாம எனக்கும் ரெண்டு வருஷமா இதே எரிச்சல்தான். இன்னொரு சேலை இருக்கா?"

மத்தியானப் பந்தியில் அவரும் நூல் சேலையில். டேபிள் ஃபேன் மணமகள் அறையிலிருந்து பந்திக்கு வந்துவிட்டது. அதன் முன்னால் அம்மா, சம்பந்தி, பேர் தெரியாத அத்தைமார் எல்லாம் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவரவர் அனல் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மா ரெண்டாந்தரம் பாயசம் கேட்டு வாங்கினாள். மறுமாதம் டாக்டரிடமும் தூங்க முடியாததை எல்லாம் மறைக்காமல் சொன்னாள். அவரும் அதற்கு வழி சொன்னார். அனல் முழுசாகப் போய்விடவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை.

எனக்குத்தான் இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது, கடன். தீபாவளிக்குத் தீபாவளி பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னடி கடங்காரி, இருக்கியா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். கூடப் பிறந்தவளிடம் இவ்வளவு கறாரா என்று ஆத்திரப்பட்டு, என் உண்டியலைக்கூட ஒருமுறை கொண்டுபோய் நீட்டினேன். பெரியம்மா என் தலையில் குட்டி அனுப்பிவிட்டாள்.

அஞ்சு வருஷம் முடிந்தது. இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அம்மா அந்தக் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு, ஜெயித்த மாதிரி நடந்து போய்ப் பணத்தை நீட்டினாள். பெரியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இப்ப என்ன அவசரம்? வச்சிரு."

பாக்கி வைத்திருக்கிறவள் எங்கும் போய்விட முடியாது என்பது பெரியம்மாவின் கணக்கு. உண்டியலைத் தூக்கிக்கொண்டு போன எனக்கு அது எங்கே விளங்கியது! அம்மா தலை நரைத்து, என் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு திடமாக இருக்கிறாள். இன்னும் தர வேண்டியது எழுநூற்று ஐம்பது ரூபாய்.