போல்ட்டுக்கு அடியில் தேயாத ஓரம்

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்ததுமே எங்கள் சித்தி போன் செய்துவிட்டார். "கடைசி காலத்தப் பத்தி ஒண்ணும் எழுதாண்டாம், கேட்டியா. அவளுக்குக் கொணம் மாறிட்டுல்லா. சாந்தமா போய்ச் சேந்தான்னு போடு, போதும்." போடமாட்டேன். ஒரு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அக்கா நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டி பக்கம் பிறந்தார். எங்கள் வீட்டுக்கு மூத்தவர். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தார். ஆரியசாலையில் அத்தானுக்குச் சின்னக் கடை. பழுதான மெஷின்களுக்கு வேண்டிய வாஷர், பேக்கிங், இடையில் வைக்கும் தகடு எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிக் கொடுப்பார்கள். அத்தான் இளம் வயதிலேயே போனபோது, கடையை விற்றுவிட்டு ஊருக்கு வா என்று சொல்லாத சொந்தமில்லை. அக்கா கத்தரியைக் கையில் எடுத்தார். அந்த வருமானத்தில் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தார். 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்றவர்கள்தான் வீட்டு மிக்ஸி நின்றுபோனால் முதலில் அங்கே வந்து நின்றார்கள். இதையும் எழுத வேண்டாம் என்பார்கள். எழுதிவிட்டேன்.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. வாயால் அளவு சொன்னால் வெட்டமாட்டார். பழைய துண்டைக் கொண்டுவந்தாக வேண்டும்.

அவர் நோயில் விழுந்ததும், வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருந்த நான் கடையில் உட்கார்ந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒருநாள் வித்துராவிலிருந்து ஒருவர் வந்தார். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் உருளை ஆடாமல் பிடிக்கிற தகடு தேய்ந்துவிட்டதாம். "இன்னைக்கே கிட்டணும் சேட்டா, ரப்பர் பால் எடுத்து வச்சாச்சு" என்று அவசரப்படுத்தினார். நான் பழைய துண்டை அளந்து, அதே கனத்தில் ஷீட் தேடி, அச்சு அசலாக வெட்டினேன். நோய் விசாரிக்க வந்த சித்தியும் மற்றவர்களும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்த அக்கா, புதியதைத் தூக்கி எறிந்தார்.

"அறிவிருக்கால ஒனக்கு? தேஞ்ச எடத்துலயா அளவெடுப்ப? இத மாட்டுனா இன்னைக்கே உருளை ஆடும். அந்தாளு கை வைக்கிற மெஷினுல்லா!"

மூச்சு வாங்கிக்கொண்டே பழைய துண்டின் மூலையைக் காட்டினார். போல்ட்டுத் தலைக்கு அடியில் மறைந்து கிடந்த ஓரம். அங்கே உருளை உரசுவதில்லை. புதிதாக மாட்டிய நாளில் இருந்த கனம் அங்கே மட்டும்தான் மிச்சம் இருக்கும். "இங்க அளந்து பாருல" என்றார். அளந்தேன். நான் வெட்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். மறுபடி வெட்டிக் கொடுத்தேன். வித்துராக்காரர், "சேச்சி ஏசினது நமக்கு வேண்டியாக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சொந்தக்காரர்களுக்கு அது புரியவில்லை. "இவ்வளவு செய்யுத தம்பியவே இப்படி ஏசுதாளே, பாவம்" என்றார்கள். பதினாறாம் நாள் பந்தி இலைவரைக்கும் இதே பேச்சுதான். எனக்கு ஆத்திரமே அதில்தான். நோய் அக்காவைத் தேய்த்தது உண்மை. உடம்பு போனது, பொறுமை போனது, என்னை அடையாளம் தெரியாத நாளும் இருந்தது. அந்த நிலையிலும் முன்பின் தெரியாத ஒருவரின் கையை நினைத்துத்தான் அவர் கத்தினார். அதை ஏன் ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்?

முகம் சுளிக்காமல் அக்காவைக் குளிப்பாட்டிய எதிர்வீட்டு நர்ஸம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த அக்கா மகள்கள் இருவருக்கும், பஸ் மாறி வந்து பாடைக்குத் தோள் கொடுத்த வித்துராக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாரம் தவறாமல் பழம் வாங்கி வந்த சித்திக்கும் நன்றி.

சித்தி, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்காவை அளப்பதானால் தாராளமாக அளந்துகொள்ளுங்கள். தேய்ந்த இடத்தில் அளக்காதீர்கள்.

— தம்பி