கசந்த பப்பாளி டிரெஸ்ஸிங்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இலுப்பூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி. நான் மூன்று மாதமாகச் சமைத்துப் போட்ட வீட்டில் பூட்டு தொங்கியது. வீட்டுக்காரர் மகளோடு காரில் பெங்களூர் போய்க்கொண்டிருந்தார்.

காரணம்? ஒரு கிண்ணம் பப்பாளி டிரெஸ்ஸிங்.

சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிகிறவன் நான். புரோட்டா அடித்திருக்கிறேன், செங்கல் ஏற்றியிருக்கிறேன்... வேலை போவது எனக்குப் புதுசில்லை. ஆனால் பச்சைக் காய்கறி மேல் ஊற்றுகிற ஒரு சாறு இரண்டு பேரை வீட்டை விட்டுக் கிளப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கார சார் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். மனைவி தவறிப்போய் இரண்டு வருஷம். கூடத்தில் டிவி ஓடும், யாரும் பார்ப்பதில்லை. அவர் மேஜையில் சாப்பிடுவார், நான் அடுப்படியில். முடித்துவிட்டு, "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று அங்கிருந்தே கேட்பார். தினமும் கேட்பார். இந்த ஒரு கேள்விக்காக ஒரு வீட்டில் தங்கிவிடலாம் என்று யாருக்காவது தோன்றுமா? எனக்குத் தோன்றியது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. எச்சில். "அவ ஒரு நாளும் உப்புப் பாத்ததில்ல தம்பி. வாசனையிலயே சொல்லிருவா" என்று மனைவியைச் சொல்வார். நானும் பழகிக்கொண்டேன்.

அன்றைக்கு மகள் வந்தார். அப்பாவைத் தனியாக இங்கே விடலாமா, கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்து முடிவு செய்ய. மதியம் மகள் சாலட்தான் சாப்பிடுவார் என்று சார் முந்தின நாளே சொல்லிவிட்டார். போனில் வீடியோ பார்த்தேன். கொல்லையில் பழுத்த பப்பாளி, கெட்டித் தயிர், தேன், எலுமிச்சை, மிளகு. காலை ஏழு மணிக்கே மிக்ஸியில் அடித்து பிரிட்ஜில் வைத்துவிட்டேன். ஜில்லென்று இருக்கட்டும் என்று.

மதியம் வெள்ளரிக்காய், வெங்காயம், தக்காளி மேல் ஊற்றிக் கொடுத்தேன். நல்ல நிறம். மகள் ஒரு வாய் வைத்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இது கசக்குதே..."

சார் நிமிரவே இல்லை. தன் கிண்ணத்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். "நல்லாத்தானம்மா இருக்கு" என்றார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கண் கலங்கியிருந்தது.

"தினமும் இப்படித்தான் சாப்பிடுறீங்களாப்பா? எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு?"

"இல்லம்மா, அப்படி இல்ல..."

"போன்லயும் இதைத்தானே சொல்றீங்க. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு. நான் எதை நம்ப?"

அவ்வளவுதான். இரண்டு பெட்டி, மருந்துப் பை, கார். என்னையும் குறை சொல்லவில்லை அந்தப் பெண். அந்த மாதச் சம்பளத்தை முழுசாகவே கொடுத்தார்.

கண்ணாடியை இறக்கி சார் சன்னமாகச் சொன்னார். "கசந்துச்சு தம்பி. ஒங்களை வேலைய விட்டு நிறுத்திருவாளோன்னுதான் சாப்பிட்டேன்."

"பாத்துப் போயிட்டு வாங்க சார்" என்றேன். வருவேன் என்று அவர் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் கடைக்காரரிடம் அது ஏன் கசந்தது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பப்பாளியத் தயிர்ல போட்டா ஒடனே குடுத்துரணும்ணே. மணிக்கணக்கா வெச்சா கசக்கத்தான் செய்யும். ஒரு சொட்டு நாக்குல வெச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்திருக்கும். கொட்டிவிட்டுப் புதிதாக அடித்திருப்பேன், ஐந்து நிமிஷ வேலை. பொன்னமராவதி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட் கடைசி வரை காலி.

மறுநாள் காலை அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கை கழுவிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் சமையல்காரரிடம் "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்... குனிந்து இலையைச் சுருட்டுகிறவனைப் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை.