ஆறு சிங்கங்களும் ஒரு வண்டி நிழலும்

செரங்கெட்டியில் பத்தொன்பது வருஷமாக ஜீப் ஓட்டும் குவாந்துவின் கண்ணைப் பற்றி அவன் ஊரில் சொல்லாத கதை இல்லை. அரை மைல் தள்ளி மரக்கிளையில் தொங்குவது சிறுத்தையின் வாலா, காய்ந்த கொடியா என்று வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிடுவானாம். அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே சிறுத்தைகள் மரம் மாறிப் படுக்குமாம். இதில் பாதியாவது நிஜம்.

கண் இருந்து என்ன பயன்? பயணிகளுக்குச் சிங்கம் வேண்டும், அதுவும் தங்களுக்கு மட்டும் வேண்டும். ஓட்டுநர்களுக்குள்ளோ வேறு வழக்கம். எவன் கண்ணில் பட்டாலும் ரேடியோவில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தவனுக்கு அப்புறம் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.

மார்ச் மாதம் ஒரு காலை. வண்டியில் பெல்ஜியத்துக் கிழத் தம்பதி. அன்று மூன்று மணிக்கு அவர்களுக்கு விமானம்.

"மூணு நாளா சிங்கத்தவிட ஜீப்பத்தான் அதிகமா பாத்தோம்" என்றாள் அந்த அம்மாள்.

குவாந்துவுக்குச் சுருக்கென்றது. சரியாக அப்போதுதான், தடத்திலிருந்து இருநூறு அடி தள்ளி, பாறையோரம் ஆறு பெண் சிங்கங்களைப் பார்த்தான். ரேடியோவும் அப்போதுதான் கரகரத்தது. இன்னொரு ஜீப் ஓட்டும் கூட்டாளி மட்லே.

"டேய் குவாந்து, உன் பக்கம் ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லடா. வெறும் புல்லு."

சொன்ன வாய் மூடுமுன் வண்டியைத் தடத்தைவிட்டு இறக்கினான். தடத்தைவிட்டு இறங்கக் கூடாதென்பது சட்டம்; போன வருஷம் இதே தப்புக்கு வன ரேஞ்சரிடம் மாட்டி எச்சரிக்கை வாங்கியவன். இன்னொரு முறை மாட்டினால் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை இல்லாவிட்டால் அவனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

முந்தின நாள் மழை. பாறையை நெருங்கும்போது பின்சக்கரங்கள் கரிசல் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. சிங்கங்கள் தலை தூக்கிப் பார்த்தன. பாறை முழங்கால் உயரம்தான்; அந்தப் பொட்டலில் நிழலென்று இருந்தது இந்த வண்டியின் நிழல் மட்டும்தான். ஒவ்வொன்றாக எழுந்து வந்து மேற்குப் பக்கம் படுத்துக்கொண்டன. மூத்தது பின்டயரைத் தலையணையாக வைத்துக்கொண்டது.

இறங்கித் தள்ளலாமென்றால் சிங்கம். ஆக்சிலேட்டரை அமுக்கி எடுக்கலாமென்றால் வண்டி இன்னும் புதையும். ரேடியோவில் கூப்பிட்டால் பொய் சொன்னது அத்தனை பேருக்கும் தெரியும். ரேஞ்சர் காதும் அதே ரேடியோவில்தான்.

"எப்பப்பா கிளம்புறோம்?"

"இதுங்க எழுந்ததும்மா."

"எப்ப எழும்?"

"சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்கும்மா."

"இதுங்க எவ்வளவு தூங்கியாச்சு?"

குவாந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அந்த அம்மாள் காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் காலியான வாயகன்ற பிளாஸ்க் ஒன்றை மெல்ல நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் அதை அப்படியே உள்ளே வைத்துவிட்டார்.

பன்னிரண்டரை ஆயிற்று. மைக்கை எடுப்பதும் வைப்பதுமாக இருந்த குவாந்து கடைசியில் பொத்தானை அமுக்கினான்.

"மட்லே... பாறை பக்கம் ஆறு சிங்கம் இருக்கு. நானும் இருக்கேன். சேத்துல."

மட்லே, "புல்லுக்கு ஆறு தலையாடா?" என்றான்.

அரை மணியில் தடத்தில் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. காமிராக்களெல்லாம் சிங்கத்தைவிட அவனைத்தான் அதிகம் பிடித்தன.

"சிரிடா, படம் நல்லா விழும்" என்றான் மட்லே ரேடியோவில்.

ரேஞ்சர் வந்தார். தடத்தைவிட்டு இறங்க அவருக்கு மட்டும் அனுமதி உண்டு. கிழக்குப் பக்கம் கெட்டியான தரையாகப் பார்த்து, கதவோடு கதவு உரச வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தம்பதியை வாங்கிக்கொண்டார். மட்லே வண்டியில் அவர்களை ஏற்றி விமானத்துக்கு அனுப்பிவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பினார்.

"நீயும் இந்தப் பக்கம் வா. அட்டையையும் எடுத்துக்கிட்டு வா."

"கம்பெனி வண்டிங்கய்யா. எப்படி விட்டுட்டு வர்றது? இதுங்க எழுந்து போகட்டும்."

"ஹாரன் அடிச்சா போயிடும்."

"தூங்குறதுங்கள எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

ரேஞ்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஹாரனில் கை வைக்கவில்லை. சீட்டைச் சாய்த்துக் காத்திருந்தார். எத்தனையோ பயணிகளுக்காக, எழுந்திரு எழுந்திரு என்று சிங்கங்களைக் கெஞ்சிய குவாந்து, தூங்குங்கடி என் தாயே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

வெயில் மேற்கே சாயச் சாய நிழல் புரண்டது. மூத்தது எழுந்து சோம்பல் முறித்தது. மற்ற ஐந்தும் எழுந்தன. குவாந்து கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால், ஆறும் சுற்றி வந்து ரேஞ்சர் வண்டியின் கிழக்குப் பக்க நிழலில் சுருண்டிருந்தன.

ரேஞ்சர் குனிந்து பார்த்தார். மூத்ததின் தலை இப்போது அவருடைய டயரில். இனி அவரும் அசைய முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. ஆனால் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. கையை நீட்டினார்.

குவாந்து சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். விளிம்பில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அந்தக் கையில் வைத்தான்.