லிட்டருக்கு நாலு மைல்

சொர்ணாம்பாளுக்குப் பொறுமை கிடையாது என்பது விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சூளையிலிருந்து வந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் சரியில்லாததை ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் இருந்த ஓட்டுக் குவியலில் எறிவாள். வாங்க வந்த வியாபாரி, "அது நல்லாத்தானேங்க இருக்குது" என்று இழுத்தால் அதற்கும் பதில் சொல்ல மாட்டாள்.

அவள் புருஷன் அர்ச்சுனன் அந்தப் பட்டறையை ஆரம்பித்தது அறுபத்து நாலில். ஐந்தே வருஷத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பட்டறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னான் அவன் தம்பி நல்லமுத்து. சொர்ணாம்பாள் கருமாதி முடிந்த மறுநாளே பட்டறைக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்கு ஊர் என்ன பேசியது என்று அவளுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அர்ச்சுனன் விட்டுப்போனதில் ஒரு பழைய பிக்கப் வண்டியும் உண்டு. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கடலூரில் ஏலத்தில் எடுத்தது. மண் குழியிலிருந்து களிமண் ஏற்றி வருவதும், செய்த சரக்கை வைக்கோல் சுற்றி வேப்பூருக்குக் கொண்டுபோய் மெட்ராஸ் லாரியில் ஏற்றிவிடுவதும் அதன் வேலை. ஓட்டியவன் ஜெயராஜ். சர்ச் தெருக்காரன், நாற்பது வயது, அதிகம் பேசாதவன். அர்ச்சுனன் இருக்கும்போதே வேலைக்குச் சேர்ந்தவன். ஆறு வருஷமாக அந்த வண்டியை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

எழுபத்து மூன்று கடைசியில், எங்கேயோ நடந்த சண்டையினால் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. அதுவரை டேங்கில் எவ்வளவு ஊற்றினார்கள், எத்தனை மைல் ஓடியது என்று சொர்ணாம்பாள் அவ்வளவாகக் கவனித்ததில்லை. லிட்டருக்கு நாலு மைல் கொடுக்கும் என்று அர்ச்சுனன் சொல்லியிருந்தான். அது அவள் மனசில் அப்படியே நின்றிருந்தது. தை மாசத்தில் ஒருநாள் மீட்டரைப் பார்த்துக் கூட்டிக் கழித்தபோது இரண்டரை மைல்தான் வந்தது. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று அடுத்த வாரமும் பார்த்தாள். அதே இரண்டரைதான்.

வண்டியை ஜங்ஷன் ரோட்டில் விருத்தகிரியின் ஷெட்டுக்கு அனுப்பினாள். விருத்தகிரி பானெட்டைத் திறந்ததும் கார்புரேட்டர் என்றான். ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான், பெட்ரோலில் கழுவினான், மாட்டினான். ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது தடவை பிளக்கு என்றான். நாலையும் மாற்றியாயிற்று. மூன்றாவது தடவை ஏர் கிளீனரைக் கழற்றிக் காட்டினான். உள்ளே மாவு மில்லைப் போல வெள்ளைப் புழுதி அப்பியிருந்தது. பீங்கான் மண் ஊரிலேயே பறக்கிறது, வண்டி மூச்சு விட முடியாமல் திணறினால் பெட்ரோல் குடிக்காமல் என்ன செய்யும் என்று அவன் கேட்டது சொர்ணாம்பாளுக்கும் நியாயமாகப் பட்டது. கழுவிப் புது எண்ணெய் ஊற்றி மாட்டினார்கள். அந்த வாரம் இரண்டே முக்கால் கொடுத்தது. அடுத்த வாரம் பழையபடி இரண்டரை.

"மூணு வாட்டி பாத்துட்டே. மூணு வாட்டியும் இதான் இதான்னு சொன்னே. எதுதான் அது?" என்று அவள் கேட்டதற்கு விருத்தகிரி தலையைச் சொறிந்தான். வண்டிக்கு வயசாகிவிட்டது என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷமும் அது வயசான வண்டிதானே.

அந்தச் சமயத்தில்தான் நல்லமுத்து வந்து சேர்ந்தான். வண்டியில் ஓட்டை இல்லையென்றால் ஓட்டுகிறவனிடம்தான் ஓட்டை என்றான். வேப்பூர் ரோட்டில் டிரைவர்கள் ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி, ஓட்டல்காரனிடம் பெட்ரோல் விற்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். சொர்ணாம்பாள் அப்போது அதை நம்பவில்லை. ஆனால் நாலு நாள் எரிச்சலோடு யோசித்த பிறகு, நம்பாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் டேங்க் மூடியில் ஒரு கொக்கியைப் பற்றவைக்கச் செய்து ஒரு பித்தளைப் பூட்டைப் பூட்டினாள். பட்டறை வாசலில், வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் அதைச் செய்தாள். மேஸ்திரி பழமலை பக்கத்திலேயே நின்றான்.

ஜெயராஜ் வந்தான். பூட்டைப் பார்த்தான். அவள் மேஜைமேல் வண்டிச் சாவியை வைத்தான்.

"நான் போயிட்டு வரேங்க" என்றான்.

அவள் ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு நிமிஷம் நின்றிருப்பான். அவள் ஃபியூஸ் கட்டைகளைச் சுண்டிக்கொண்டிருந்தாள்.

புது டிரைவராகக் கொளஞ்சியப்பன் வந்தான். இருபத்தைந்து வயசு, லாரியில் கிளீனராக இருந்து லைசென்ஸ் எடுத்தவன். டேங்க் சாவி சொர்ணாம்பாளின் முந்தானையில் முடிந்திருந்தது. பங்க்குக்கு அவளே கூடப் போய், அவள் கையாலேயே பூட்டைத் திறந்து, ஊற்றியதும் பூட்டினாள். மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு இரண்டு மைல்.

அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. ஜெயராஜ் எடுக்கவில்லை என்பது அந்த இரண்டில் தெரிந்துவிட்டது. தெரிந்தது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அதைவிட, காரணம் இன்னும் தெரியவில்லையே என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. வேப்பூரில் இருந்த பெரிய மெக்கானிக் ஒருவனிடம் வண்டியைக் கொண்டுபோகக் கொளஞ்சியப்பனிடம் சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள். அவன் பானெட்டைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டு, இஞ்சினைப் பிரித்துத் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டும், ஒரு மாசம் ஆகும் என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டாள். அனுபவம் என்றான்.

"அனுபவத்தை ஒதுக்கி வைங்க. இஞ்சின்தான் குடிக்குதுன்னு எனக்கு எதுலயாவது அளந்து காட்டுங்க" என்றாள்.

பொம்பளைகளிடம் இஞ்சினைப் பற்றி என்ன பேசுவது என்று அவன் தன் ஆளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. கொளஞ்சியப்பனை வண்டியை எடுக்கச் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அளப்பது என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. களிமண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஈரமாக ஒரு தடவை, காய்ந்து ஒரு தடவை எடை போடுகிறோம். வண்டிக்கு மட்டும் ஏன் எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்?

மறுநாள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு விருத்தகிரியின் ஷெட்டுக்குப் போனாள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பாட்டிலை மேலே கட்டி, அதில் அரை லிட்டர் ஊற்றி, அதிலிருந்து கார்புரேட்டருக்குக் குழாய் விடச் சொன்னாள். வண்டி நின்ற இடத்திலேயே இஞ்சின் ஓடட்டும், எத்தனை நிமிஷத்தில் பாட்டில் காலியாகிறது என்று பார்ப்போம் என்றாள். விருத்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு செய்தான். இருபது நிமிஷம் ஓடி நின்றது. ஷெட்டில் அதே இஞ்சின் போட்ட ஜீப் ஒன்று ரிப்பேருக்கு வந்திருந்தது. அதற்கும் பாட்டிலைக் கட்டச் சொன்னாள். ஜீப் இருபத்தொரு நிமிஷம் ஓடியது.

விருத்தகிரி சிரிப்பை விட்டுவிட்டான். "இஞ்சின் சரியாத்தாங்க இருக்குது" என்றான் மெதுவாக.

"அப்ப நிக்கறப்ப குடிக்கல. ஓடறப்பதான் குடிக்குது" என்றாள் அவள்.

கொளஞ்சியப்பன் ஓட்ட, மூன்று பேருமாக வண்டியில் ஏறி வேப்பூர் ரோட்டில், மேடும் பள்ளமும் இல்லாத ஒரு இடத்துக்குப் போனார்கள். முப்பது மைல் வேகத்தில் போகும்போது கியரை எடுத்துவிட்டுச் சும்மா விடச் சொன்னான் விருத்தகிரி. இப்போது அவனுக்கும் ஆர்வம் வந்திருந்தது. அந்த வேகத்தில் விட்டால் வண்டி இன்னும் ஒரு பர்லாங்காவது உருண்டு போக வேண்டும். நாலு புளியமரம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது.

கீழே இறங்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையை வைத்துப் பார்த்தார்கள். மூன்று சக்கரம் வெயிலில் நின்ற சூடு. வலது பின்சக்கரத்தில் கை வைத்த கொளஞ்சியப்பன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு விரலை வாயில் வைத்தான். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் மற்ற சக்கரங்கள் கையால் சுற்றின. அது அசைய மாட்டேன் என்றது. சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைச் சுத்தியால் தட்டி எடுத்தார்கள். உள்ளே பிரேக்கைச் சுற்றி களிமண் செங்கல்லாய் இறுகிக் கிடந்தது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிரேக்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்து இரண்டு துண்டாக இருந்தது. மழைக் காலமெல்லாம் வண்டியைப் பின்பக்கமாக மண் குழிக்குள் இறக்கி அல்லவா ஏற்றினார்கள். சேறு உள்ளே போய்க் காய்ந்து, சக்கரத்தின் சூட்டிலேயே வெந்துவிட்டது. பல மாசமாக அந்த வண்டி ஒரு காலில் பிரேக் போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது.

"இத்தனை நாளா ஒரு ஆளும் பின்னாடி வந்து பாக்கலியே. எல்லாரும் பானெட்டைத்தானே தெறந்தீங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

வண்டி கனமாக இழுத்தது உனக்குத் தெரியவில்லையா என்று கொளஞ்சியப்பனைக் கேட்டாள். இந்த வண்டியே இப்படித்தான் போல என்று நினைத்ததாக அவன் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் இதற்கு முன் அதை ஓட்டியதே இல்லை.

ஓட்டியவன் சொல்லியிருந்தான். அங்கே ரோட்டோரத்தில் நிற்கும்போதுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது. கார்த்திகை மாசம், லோடு இறக்கிவிட்டு வந்து ஜெயராஜ் சொன்னான்: "பின்னாடி யாரோ புடிச்சி இழுக்கற மாதிரி இருக்குதுங்க. ஒரு நாளு வண்டிய நிறுத்திப் பாத்துடலாங்க." தீபாவளிக்கு அப்புறம் வேலை மந்தம், இவன் ஒருநாள் லீவுக்கு அடி போடுகிறான் என்று நினைத்து, இந்த லோடு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்புறம் அவன் இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஒன்றை இரண்டு தடவை சொல்லுகிற ஆள் இல்லை அவன்.

புது ஸ்பிரிங் போட்டுச் சுத்தம் செய்ததும் வண்டி லிட்டருக்கு மூன்றே முக்கால் கொடுத்தது. பித்தளைப் பூட்டை அன்றைக்கே கழற்றினாள். அது மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜெயராஜ் அப்போது விருத்தாசலம்–ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் டிரைவராக இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சொர்ணாம்பாள் அந்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏறினாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஸ்ரீமுஷ்ணத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவன் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. பிரேக், களிமண், அறுந்த ஸ்பிரிங் என்று நடந்ததை ரிப்போர்ட் சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள்.

"நீ முன்னாடியே சொன்னே. நான்தான் காதுல வாங்கல. பூட்டு போட்டது என் தப்பு, ஜெயராஜு. திரும்ப வந்துடு" என்றாள்.

அவன் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இம்மாந்தூரம் வந்து சொன்னீங்களே, அது போதுங்க எனக்கு. ஆனா பூட்டுன அன்னிக்கி நீங்களும் நானும் மட்டுமாங்க அங்க இருந்தோம்? மத்தவங்க அத பாத்துட்டுத்தான வூட்டுக்குப் போனாங்க" என்றான். வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் அவன் மேல் வந்தது. பாதி வழியில் தன் மேல் திரும்பியது. மறுநாள் காலை, வேலை ஆரம்பிக்கும் முன் பழமலையிடம் சொல்லி எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். அறுந்த ஸ்பிரிங் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் போனது இதனால், ஜெயராஜ் ஒரு சொட்டு எடுக்கவில்லை, சந்தேகப்பட்டது நான் என்று சொன்னாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். பழமலை, "விடுங்கம்மா, யாரும் அப்படி நெனைக்கல" என்றான். அப்படி நினைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். பங்க்கில் இருந்தவர்களிடமும் போய்ச் சொன்னாள். கடைசியில் நல்லமுத்துவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் மட்டும், இந்த வண்டியில் இல்லாவிட்டால் வேறு வண்டியில் எடுத்திருப்பான் என்றான். அவன் நீட்டிய காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஜெயராஜ் வேலைக்குத் திரும்பவில்லை. பஸ் வேலை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் அந்த வருஷம் ஆவணியில் மனைவியோடு பட்டறைக்கு வந்து, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தான். ஆறு வருஷத்தில் அவன் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்குச் சொர்ணாம்பாள் போனாள். விதவைப் பொம்பளை முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஜெயராஜ் அவளைச் சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் கூட்டிப் போய், "எங்க முதலாளியம்மா" என்று சொன்னான். சாப்பாட்டுப் பந்தியில் அவன் பரிமாற வந்தபோது, பஸ் லிட்டருக்கு எத்தனை மைல் கொடுக்கிறது என்று கேட்டாள். அது டீசல் வண்டி, அந்தக் கணக்கெல்லாம் ஆபீசில்தான் பார்ப்பார்கள், தனக்குத் தெரியாது என்றான்.

"தெரியாம எப்படிப்பா ஓட்டறே?" என்றாள் அவள். நிஜமாகவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.